மஞ்சள் திரையில் பார்த்த நிறம்

ஆவணி 5, வியாழன்

காற்று இன்னும் விடவில்லை. ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். மூடிவிட்டேன்.

இன்றைய வேலை: ரேவதியின் அப்பா. கழுத்துவரை முடிந்தது, முகம் மட்டும் பாக்கி. இப்படி எழுதினால் கொஞ்சம்தான் மிச்சம் போலத் தெரிகிறது. முகம்தான் படமே.

ரேவதிக்குப் பதினைந்தாம் தேதி ஞாயிறு கல்யாணம், கிணத்துக்கடவில். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா போய் மூன்று வருடம். படத்தில் அவளும் அம்மாவும் நாற்காலியில், பின்னால் அப்பா நிற்கிறார், கை அவள் தலைமேல். கல்யாண மேடையில் வைக்க வேண்டும். இறந்தவரைச் சேர்த்து வரையும் படம் இந்த வருடம் எனக்கு இது ஐந்தாவது. மற்ற நால்வருக்கும் நல்ல போட்டோ இருந்தது. இவருக்கு இரண்டுதான். ஒன்று வாக்காளர் அட்டை, கருப்பு வெள்ளை, நகம் அளவு. இன்னொன்று ரேவதி படிப்பு முடித்த அன்று எடுத்த குரூப் போட்டோ. அதில் ஓரத்தில் நிற்கிறார், பாதித் தோள் வெட்டுப்பட்டு, முகத்தில் வெயில் அடித்து. நிறமே தெரியவில்லை.

ரேவதி போனில்: "அக்கா, ஒண்ணே ஒண்ணுங்க. அப்பா கருப்புங்க. வெளுப்பாக்கிப் போட்டறாதீங்க. முன்ன ஒரு ஸ்டுடியோல குடுத்து, சினிமாக்காரராட்ட பண்ணிப்போட்டாங்க. அம்மா அதைப் பாத்துப்போட்டு, இது ஆருன்னு கேட்டாங்க."

பதினோரு மணிக்கே கண்ணில் எரிச்சல். மூன்று மணிக்கு மூக்கு எது, மூக்கின் நிழல் எது என்று தெரியவில்லை. திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் மனிதரின் மூக்குத் துளையில் ரோமம் வரைந்துகொண்டிருக்கிறேன். தலைவலி. கண்ணை மூடினால் உள்ளேயும் வெளிச்சம்.

ஆவணி 6, வெள்ளி

கண்ணுக்காகச் செய்ய வேண்டியவை (படித்தது, கேட்டது, நானே நினைத்தது):

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபதடி தூரத்தில் எதையாவது இருபது நொடி பார்ப்பது.
கண் சிமிட்டுவது. (இதற்குமா குறிப்பு?)
பேன் முகத்துக்கு நேராக இல்லாமல்.
வெள்ளரிக்காய். வாங்கினேன். சாம்பாரில் போட்டுவிட்டேன்.

இருபதடி தூரத்தில் இருப்பது எதிர்வீட்டு மொட்டை மாடி மட்டும். நாலு தடவை போய் நின்று பார்த்தேன். ஐந்தாவது தடவை அந்த வீட்டு அம்மா துணி காயப்போட்டபடியே, "ஏனுங்க, எங்கூட்டையே பாத்துட்டு நிக்கறீங்க. ஏதாச்சும் வேணுமாங்க?" என்றார். கண் பயிற்சி என்று சொன்னேன். நம்பின மாதிரி இல்லை.

இன்னொரு கேடு. ஓய்வு என்று எழுந்து வந்தால் கை தானாகப் போனை எடுக்கிறது. மத்தியானம் லேத்துப் பட்டறையிலிருந்து சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "கண்ணுக்கு லீவுன்னு சொல்லிப்போட்டு அந்தத் திரைய உட்டு இந்தத் திரையப் பாக்கறயே புள்ள." போனைக் கவிழ்த்து வைத்தேன். அவர் விடவில்லை. "கண்ணாடி போட்டுக்க. நாப்பத்திமூணாச்சு. லேத்துல எனக்கு அளவுக்கோடு தெரியாமப் போனப்ப நாம் போட்டுக்கலயா?"

உங்களுக்கு லேத்து, எனக்கு நிறம், இரண்டும் ஒன்றா என்று கேட்டேன். கேட்டதில் அர்த்தம் ஒன்றும் இல்லை. ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனார்.

நாற்பதுக்கு மேல் வருகிற கண்ணாடி. சாளேசரம். அந்த வார்த்தையைக் கேட்டாலே ஆத்திரம் வருகிறது. ஏழு வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டிசைன் போட்டவள் நான். சாயம் ஒரு சொட்டு ஏறியிருந்தால் நிறம் அளக்கும் மெஷினுக்கு முன்பே என் கண் சொல்லிவிடும். சாய மாஸ்டரே துணியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வருவார். இந்தக் கண் போனால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது? படிப்பா, பட்டமா? பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

ஆவணி 7, சனி

கண்டுபிடித்துவிட்டேன். திரையின் நீலத்தைக் குறைத்து மஞ்சளாக்கும் வசதி. போனில் எல்லாரும் வைத்திருக்கிறார்களே, அதுதான். கடைசிவரை தள்ளிவிட்டேன். ஆகா. கண்ணில் தண்ணீர் ஊற்றியது போல இருந்தது.

நிறம் பார்க்கிற வேலையில் இதைத் தொடக்கூடாது என்று தெரியும். திருப்பூரில் யாராவது வைத்திருந்தால் நானே கத்தியிருப்பேன். முதல் பத்து நிமிடம் எல்லாம் காமாலை பிடித்த மாதிரி. அப்புறம் பழகி, வெள்ளை வெள்ளையாகவே தெரிந்தது. இப்போதைக்குக் கோடும் நிழலும் போடலாம், நிறம் சரிபார்க்கும்போது அணைத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன்.

நாலு மணி நேரம் ஒரே மூச்சில். நெற்றி, புருவம், மீசை எல்லாம் வந்துவிட்டது. நாளை ரேவதியும் அவள் அம்மாவும் வருகிறார்கள்.

வெளியில் தூறல். துணி எடுக்க மறந்து எல்லாம் நனைந்துவிட்டது. பரவாயில்லை.

ஆவணி 8, ஞாயிறு

காலை பத்து மணி பஸ்ஸுக்கு வந்தார்கள். அம்மா பெயர் பழனியம்மாள். அக்கா என்றே கூப்பிட்டேன். கையில் இரண்டு தேங்காய். அவர் வீட்டுக்காரர் முப்பது வருடம் ஒரே தோப்பில் தேங்காய் உரித்தவராம். அக்காவும் அங்கேதான் தென்னங்கீற்று முடைந்தாராம். ரேவதி வேலைக்குப் போனபிறகு வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள்.

பேச்சுவாக்கில், "எங்கப்பா ஊட்டுலயும் தோப்பு இருக்குதுங்கக்கா, தொண்டாமுத்தூர்ல" என்றேன். அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், நான் தோப்புக்காரர் வீட்டுப் பெண் என்றதும் நிமிர்ந்து சோபா நுனிக்கு வந்துவிட்டார். எதற்காகச் சொன்னேன்? வாய்.

திரைக்கு முன்னால் உட்காரவைத்து, எந்த நிறம் என்று கேட்டேன்.

"காத்தால சோலிக்குப் போறப்ப ஒரு நெறமுங்க, பொழுதோட வாரப்ப ஒரு நெறமுங்க. எதைங்க கேக்கறீங்க?"

"நெனச்சா எந்த நெறத்துல வாராருங்களோ, அதுங்கக்கா."

நான் நிறத்தை நகர்த்த, அவர், "இன்னுங் கொஞ்சம்," "இது எச்சு," "தாண்டி அக்கட்டால போச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அரை மணி நேரம். திடீரென்று, "நில்லுங்க. இதுதானுங்க" என்றார். ரேவதி பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அக்கா கையை நீட்டிக் கன்னத்தைத் தொட்டார். தொட்டால் வரையும் திரை. கன்னத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. "ஐயோ, கெடுத்துப்போட்டனுங்களா?" என்று கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார். ஒரு தட்டில் அழித்துக் காட்டினேன். "அட, பழையபடி வந்துட்டாரு" என்று சிரித்தார். அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

போன பிறகு வீடு முழுக்கச் சந்தோஷம். எனக்குத்தான், வேறு யாருக்கு.

ஆவணி 9, திங்கள்

முகம் முழுக்க அந்த நிறம் ஏற்றி, கழுத்து, கைகள் எல்லாம் ஒத்துப்போகச் செய்து, மூன்று மணிக்குப் பிரிண்ட் கடைக்கு அனுப்பினேன். கண் எரிச்சல் குறைவு. கண்ணாடி இல்லாமலே முடித்தேன் என்று இவரிடம் பெருமை அடித்தேன். "செரி, நல்லது" என்றார்.

ஆவணி 10, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

பிரிண்ட் கடையில் தங்கவேல் கேன்வாஸைச் சுருட்டி வைத்திருந்தார். எப்போதும் விரித்துக் காட்டுகிறவர். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இவரை எந்த நெலமைல போட்டோ எடுத்தாங்க?" என்று கேட்டுக்கொண்டே விரித்தார்.

நீலம் பாய்ந்த சாம்பல். உதடு ஊதா. மூன்று நாள் ஐஸ் பெட்டியில் வைத்த உடம்பு எழுந்து மகள் தலைமேல் கை வைத்திருக்கிறது.

முதலில் அவரிடம் சண்டை போட்டேன். உங்கள் மெஷினில் மை தீர்ந்திருக்கும், எதையாவது மாற்றியிருப்பீர்கள், இன்னும் என்னென்னவோ. அவர் கோபப்படாமல், அதே காலையில் அடித்த வேறு ஒரு குழந்தைப் படத்தை எடுத்துக் காட்டினார். ரோஜாப்பூ மாதிரி இருந்தது குழந்தை. கேன்வாஸைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து மஞ்சளை அணைத்தேன். திரையிலும் நீல மனிதர். சனிக்கிழமையிலிருந்து ஒரு தடவைகூட அணைக்கவில்லை. அணைக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. மஞ்சளுக்குள் அவர் சரியான கருப்பாகத் தெரிய எவ்வளவு நீலம் வேண்டுமோ அவ்வளவையும் நானே ஊற்றியிருக்கிறேன்.

அதைவிடக் கேவலம்: அந்த அம்மாவையும் உட்காரவைத்து, அரை மணி நேரம் யோசிக்கவைத்து, இதுதான் என்று சொல்லவைத்து. அவர் பார்த்த நிறம் உலகத்தில் வேறு எங்கும் இல்லை, என் திரையில் மஞ்சள் எரியும்போது மட்டும்தான் இருக்கிறது. பெரிய கண்காரி நான்.

ஒரு குறுக்கு வழி உண்டு. உத்தேசமாகக் கொஞ்சம் சிவப்பும் மஞ்சளும் ஏற்றி அடித்துக் கொடுத்துவிடலாம். ரேவதிக்குத் தெரியாது. ஊராருக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டார். நல்லா இருக்குதுங்க என்றுதான் சொல்வார். அதுதான் தாங்கவில்லை.

ஞாயிறுக்கு ஐந்து நாள். மஞ்சளைப் போட்டு ஒரு பார்வை, அணைத்து ஒரு பார்வை என்று மாலைவரை ஒப்பிட்டேன். இரண்டு கண்ணிலும் நீர் கொட்டுகிறது. எது அழுகை, எது எரிச்சல் என்று தெரியவில்லை. இவர் வந்து விளக்கைப் போட்டார். படத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் டீ போட்டுக் கொடுத்தார். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஆவணி 11, புதன்

கடை திறப்பதற்கு முன்பே கண்ணாடிக் கடை வாசலில் நின்றேன். நானே போனேன், யாரும் சொல்லவில்லை.

சோதித்தது சின்னப் பெண். "மேடம், நீங்க கண்ணச் சிமிட்டவே மாட்டேங்கறீங்க. நானும் இத்தன நேரமா எண்ணிப் பாத்துட்டே இருக்கனுங்க" என்றாள். வரைகிறவர்கள் எல்லாரும் இப்படித்தானாம். உற்றுப் பார்க்கும்போது சிமிட்ட மறந்து கண் காய்ந்துபோகிறது. கிட்டத்தில் பார்க்கப் பவர் ஒன்றரை. "இதை வெச்சுட்டு எப்படிங்க இத்தன நாளா வரஞ்சீங்க?" மூக்குத் துளை ரோமம் ஞாபகம் வந்தது.

சொட்டு மருந்து எழுதித் தந்தாள். திரை கை நீட்டும் தூரத்தில், கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. திரையின் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, இரண்டும் ஒரே வெளுப்பாகும்வரை வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். என் திரை டார்ச்சு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. மஞ்சள் வேண்டவே வேண்டாம், இதுவே போதும்.

ஒரு மணி நேரத்தில் கண்ணாடி கையில். போட்டுக்கொண்டு முதலில் பார்த்தது என் விரல் நகம். அழுக்கு. வீட்டுக்கு வந்து ஐஸ் பெட்டிப் படத்தைப் பார்த்தேன். நிறம் மட்டுமா கெட்டிருந்தது? காதோரம் கோடு இரண்டாக ஓடுகிறது. நல்லவேளை கெட்டது. இல்லாவிட்டால் இதையே கொடுத்திருப்பேன்.

இவர் வந்ததும் கழற்றி ஒளித்தேன். அப்புறம், சீ என்று போட்டுக்கொண்டேன். "டீச்சராட்ட இருக்கற" என்றார். அவ்வளவுதான்.

முடிவு: அக்காவிடம் நேரில் போய்ச் சொல்வது. திரை வேண்டாம். பன்னிரண்டு பழுப்பு நிறங்களை அதே கேன்வாஸில் எண் போட்டுப் பட்டை பட்டையாக அடித்துத் தரச் சொல்லித் தங்கவேலிடம் கேட்டேன். நேற்றுப் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். "அதெல்லாம் உடுங்கக்கா" என்றார்.

ஆவணி 12, வியாழன்

உக்கடத்தில் கிணத்துக்கடவு பஸ் ஏறினேன். ரேவதியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். "அம்மாகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்கக்கா" என்றாள். கோபம்தான். நியாயம்தான்.

அக்கா வீட்டில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கண் எரிந்தது, மஞ்சள் போட்டேன், நீங்கள் பார்த்த நிறம் பொய், தப்பு என்னுடையது.

கேட்டுவிட்டு, "அன்னைக்கே எனக்கு ஒருமாதிரித்தானுங்க இருந்துச்சு" என்றார். "படத்துல என்ற புள்ள கட்டியிருந்த பச்சைச் சீல வேற பச்சையா இருந்துச்சுங்க. நாம்பாட்டுக்கு என்னத்தச் சொல்றது. படிச்சவீங்க, மெசினு வெச்சிருக்கறவீங்க. உங்குளுக்குத் தெரியாதான்னு இருந்துட்டேன்."

சுண்ணாம்பு வாளியைப் பார்த்தபடியே பட்டைகளை நீட்டினேன்.

அக்கா வாங்கித் தன் முழங்கையில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். "அவரு என்னையவிட ரெண்டு மடங்கு கருப்பு எச்சுங்க." பத்துப் பட்டைகளை ஒதுக்கிவிட்டார். ஏழும் எட்டும் மிச்சம். வெயிலில் போய் நின்று எட்டு என்றார். வேப்ப மர நிழலுக்கு வந்து ஏழு என்றார். மறுபடி வெயில். மறுபடி நிழல். கால்மணி நேரம் அந்த வாசலில் நடந்தார். நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு நின்றேன்.

"எட்டையே வைங்க. அவரு நெழல்ல எப்பங்க நின்னாரு."

சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன். அரிசிம்பருப்புச் சோறு. திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இல்லை, ஆனால் மனசுப் பாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஆவணி 13, வெள்ளி

எட்டாம் பட்டையைத் திரையின் பக்கத்திலேயே ஒட்டிவைத்து, காலை ஆறரைக்குத் தொடங்கினேன். ஜன்னல் வெளிச்சம். பின்னணியை வெள்ளையாக விடாமல் சாம்பல் ஆக்கியதும் கண்ணுக்கு எவ்வளவு இதம், இத்தனை வருடம் தெரியவில்லையே. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம், கடிகாரத்தில். போன் சமையலறையில், அரிசி டப்பாவுக்குள். எதிர்வீட்டு அம்மா மாடியில் நின்று கையாட்டுகிறார். நானும் ஆட்டினேன்.

பழைய முகத்தைச் சரிசெய்யவில்லை. முழுதாக எடுத்துவிட்டுப் புதிதாகவே வரைந்தேன். பகல் இரண்டுக்கு முடிந்தது. தலைவலி இல்லை. தலைவலி வரவில்லையே என்று ஒரு பதற்றம்.

ஐந்து மணிக்குப் பிரிண்ட். கடை வாசலில், வெயிலில் பட்டையை வைத்துப் பார்த்தேன். எங்கே பட்டை முடிகிறது, எங்கே கன்னம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. தங்கவேல், "இப்பத்தாங்கக்கா மனுசனாட்ட இருக்காரு" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

ஆவணி 14, சனி

சட்டம் போட்டு வந்துவிட்டது. சுவரில் சாய்த்து வைத்து நாலு தடவை பார்த்தேன். ஜன்னல் ஓரம் சரி. ட்யூப்லைட்டில் கொஞ்சம் வெளிறுகிறது. மண்டபத்தில் என்ன விளக்கோ? ரேவதியிடம் கேட்கலாமா? கல்யாணப் பெண்ணிடமா? வேண்டாம்.

காலை ஆறுக்கு முகூர்த்தம். கத்தரிப்பூ நிறப் புடவை. சொட்டு மருந்து, பையில்.

ஆவணி 15, ஞாயிறு

மண்டபத்தில் நான் பயந்ததுதான் நடந்தது. மேடை முழுக்க சிவப்பும் மஞ்சளுமாக விளக்கு. மேடை ஓரம் ஸ்டாண்டில் வைத்த படத்தில் அவர் செங்கல் மாதிரி இருக்கிறார். எட்டும் இல்லை, ஏழும் இல்லை, பன்னிரண்டில் எதுவும் இல்லை. விளக்குக்காரரிடம் போய்க் கெஞ்சினேன். வீடியோவுக்கு வேணுங்க, அணைக்க முடியாது என்றுவிட்டார்.

தாலி கட்டி முடிந்து, கூட்டம் பந்திக்குத் திரும்பிய நேரம். வாசலில், சந்தனமும் கற்கண்டும் வைத்த மேசைக்குப் பக்கத்தில் காலை வெயில் சரியாக விழுந்துகொண்டிருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. படத்தையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு போய் அங்கே நிறுத்தினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். அச்சு அசல் எட்டு. வருகிற போகிற எல்லாரும் பார்க்கிற இடம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்கா தேடிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, அவரை எதுக்குங்க வெளிய கொண்டாந்து நிறுத்தீட்டீங்க?"

விளக்கைப் பற்றிச் சொன்னேன். உள்ளே நிறம் கெடுகிறது, இங்கேதான் நீங்கள் சொன்ன வெயில் நிறம் அப்படியே இருக்கிறது, பாருங்கள் என்றேன். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆமாங்க. அவரேதானுங்க" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தோப்புக்காரரு ஊட்டுக் கல்யாணம் அஞ்சாறு பாத்திருக்கறோமுங்க. சோலியெல்லாம் செஞ்சு குடுத்துப்போட்டு, இப்பிடித்தானுங்க வாசல்ல நிப்பாரு. ஒறம்பரை சனமெல்லாம் உண்டு முடிக்கற வரைக்கும் வெயில்ல நிப்பாரு. உள்ள வாப்பான்னு ஒருத்தருஞ் சொன்னதில்லைங்க. பெத்த புள்ள கல்யாணத்துலயும் அவரு வெளியவே நிக்கோணுங்களா?"

கண்ணாடியைக் கழற்றினேன்.

"நெறம் எப்பிடியோ போவுதுங்க. உள்ள வெச்சுப்போடலாம். ஒரு பக்கம் புடிங்க."

ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அக்கா. வந்தவர்கள் வழிவிட்டார்கள். மேடை ஏறி, ரேவதியின் நாற்காலிக்குப் பின்னாலேயே வைக்கச் சொன்னார். செங்கல் நிறத்தில் நின்றார் அவர். அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, போட்டோக்காரரை எடுக்கச் சொன்னார்.

எனக்கும் தொண்டாமுத்தூரில் அப்பா வீட்டு வாசலில் பந்தல் போட்டுத்தான் கல்யாணம். எங்கள் தோப்பில் வேலை செய்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பந்தலுக்கு வெளியே வெயிலில்தான் நின்றிருப்பார்கள். வீட்டுக்கு வந்து ஆல்பத்தை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். அவர்களில் ஒருவர்கூட இல்லை. நினைவிலிருந்து ஒரு முகத்தையாவது வரையலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை.